வெள்ளம் வடிந்த தெருவில் மாணவர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் 40 பேர், வியாசர்பாடியில் கேப்டன் காட்டன் கால்வாய் ஓரம் வெள்ளம் புகுந்த வீடுகளில் வேலை செய்யப் போகிறோம். எப்படித் தொடங்குவது?
– மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: 40 பேரும் ஒரே சந்தில் நுழையாதீர்கள். பத்துக்குப் பத்து வீட்டில் நாலு பேருக்கு மேல் நின்றால் இடித்துக்கொள்ளத்தான் முடியும். முந்தின நாளே அங்குள்ள மகளிர் சுய உதவிக் குழுவிடம் பேசி, தனியாக இருக்கும் முதியவர், கைக்குழந்தைக்காரர் வீடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் கூப்பிடுகிறவர் வீட்டிலேயே ஆரம்பித்தால் உள்சந்துகள் விடுபட்டுப்போகும்.

மெயின் சுவிட்ச் அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கவேண்டும். ஈரம் இருக்கும்போதே சேற்றை வழித்துவிடுங்கள். காய்ந்தால் தரையோடு இறுகிவிடும். வழித்ததை மழைநீர் வடிகாலில் தள்ளினால் அடுத்த மழையில் அதே சேறு அதே வீட்டுக்கு வரும். லாரி நுழையும் இடத்தில் குவித்துவிட்டு மாநகராட்சியின் 1913க்குச் சொல்லுங்கள். சாக்கடை அடைப்புக்கு மெட்ரோ வாட்டரின் 1916. மேன்ஹோலைத் திறப்பது, சம்ப்புக்குள் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) இறங்குவது இரண்டும் கூடவே கூடாது, விஷவாயு ஆளை வீழ்த்திவிடும்.

கம்பூட், ரப்பர் கையுறை எல்லோருக்கும் வேண்டும். காலில் புண் உள்ளவரைத் தண்ணீரில் இறக்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாகத்தான் சுலபமாக ஏறும். தடுப்பு மாத்திரை தேவையா என்று புறப்படும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

எண்ணூர்ப் பக்கம் போவதாக இருந்தால் இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகக் குப்பங்களில் எண்ணெய் படிந்தது. அப்படிப்பட்ட எண்ணெய் அள்ளுவது பயிற்சி பெற்றவர் வேலை, மாணவர் வேலை அல்ல.

கேள்வி: பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடவேண்டும்?
– திட்ட அலுவலர், கொருக்குப்பேட்டை

பதில்: சேற்றின்மேல் கோலம் போட்டதுபோல் தூவுவது போட்டோவுக்குத்தான் ஆகும், குளோரினை அழுக்கே தின்றுவிடும். பவுடரைக் குடிநீருக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளநீர் புகுந்த சம்ப்பை மோட்டார் வைத்து இறைத்து, நீளமான பிரஷ்ஷால் மேலே நின்றபடியே தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பிய பிறகே மருந்து.

கணக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம். நீளம், அகலம், தண்ணீரின் ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28.3ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 5க்கு 4 அடி சம்ப்பில் 4 அடித் தண்ணீர் என்றால் சுமார் 2,260 லிட்டர். 9 கிராம் போதும். பிளாஸ்டிக் மக்கில் குழைத்து, வாளித் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. ஒரு மணி நேரம் கழித்து, குளோரின் இருந்தால் தண்ணீரை மஞ்சளாக்கிக் காட்டும் குளோரோஸ்கோப் கருவியில் பாருங்கள்: வெள்ளக் காலத்தில் 0.5 பிபிஎம் (லிட்டருக்கு அரை மில்லிகிராம்) குளோரின் இருக்கவேண்டும். மஞ்சள் ஏறவே இல்லையா? பெரும்பாலும் பவுடர்தான் பழசு. பிரித்துவைத்த மூட்டை ஈரக்காற்றில் வீரியம் போய்விடும்.

பாத்ரூம் ஆசிட்டோடு இதைக் கலக்கவே கூடாது. கிளம்புவது குளோரின் வாயு.

கேள்வி: நனைந்துபோன ஆதார், ரேஷன் கார்டுக்கு நாங்கள் உதவலாமா?
– மாணவர், புளியந்தோப்பு

பதில்: தாராளமாக. துடைப்பத்தைவிட இதற்குத்தான் படித்த பிள்ளைகள் தேவை. ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிய்க்காமல், வெள்ளைத் துணியில் வைத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். ரேஷன் கார்டு நகலுக்கு, பதிந்த செல்போன் எண்ணுக்கு ஓடிபி வரும். பலருக்கு அந்த எண் இப்போது இருக்காது, வேலை அங்கேதான் நிற்கும். அதனால் முதலில் எந்த எண் உயிரோடு இருக்கிறது என்று கேளுங்கள். ஆதாரில் எண் மாற்ற சேவை மையத்துக்கு ஆளை நேரில் கூட்டிப்போய்க் கைரேகை வைக்கலாம். அட்டைகளை உங்கள் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். எடுப்பதானால் அவரவர் போனிலேயே.