எதை விடப்போறீங்க?

கடிதம்:
வணக்கம் சார், எனக்கு குடியாத்தம். பெங்களூர்ல சிப் டிசைன் வேலை பார்த்துட்டு இப்ப ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து காட்பாடியில சின்னதா கம்பெனி ஆரம்பிச்சிருக்கோம். மோட்டார் கண்ட்ரோலுக்கு சிப். நாங்க ஒண்ணு முடிக்கறதுக்குள்ள பெரிய கம்பெனிங்க அடுத்ததுக்கு போயிடறாங்க. இந்த ஓட்டத்துல நாங்க எப்படி நிக்கறது?

பதில்:
தம்பி, காட்பாடியில சிப் கம்பெனின்னு படிச்சதுமே அவ்ளோ சந்தோஷம். முதல்ல எதை விடப்போறீங்கன்னு முடிவு பண்ணுங்க.

இன்டெல் ஆரம்பத்துல மெமரி சிப்ல வளர்ந்த கம்பெனி. ஜப்பான்காரங்க அதையே நல்ல தரமா, கம்மி விலைக்கு குடுத்து அடிச்சிட்டாங்க. 1985ல இன்டெல் பிரசிடென்ட் ஆண்டி குரோவ், கம்பெனி தலைவர் கார்டன் மூர்கிட்ட கேட்டாராம், நம்மள தூக்கிட்டு புது ஆளை போட்டா அவன் இன்னா பண்ணுவான்னு. மெமரியை விட்டுடுவான்னார் மூர். அப்ப அதை நாமளே பண்ணிடலாமேன்னு, கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி இருக்கற பிராசஸர் பக்கம் முழுசா வந்தாங்க. ஃபேக்டரி மூடி, ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு, சும்மா நடந்துடல.

இன்டெலோட போட்டி கம்பெனி ஏஎம்டி 2009ல சொந்த ஃபேபையே, அதாவது சிப் செய்யற ஃபேக்டரியையே பிரிச்சு விட்டுச்சு. உடனே விடியல, 2017ல அவங்க ரைசன் பிராசஸர் வர்ற வரைக்கும் படாத பாடு. ஆனா 2019ல மத்தவங்களுக்கு சிப் செஞ்சு குடுக்கற தைவான் கம்பெனி டிஎஸ்எம்சியோட 7 நானோமீட்டர்ல (இந்த நம்பர் கம்மியாக ஆக நுட்பம் புதுசு) ஏஎம்டி சிப் வந்தப்போ, முக்கியமான பிராசஸரையெல்லாம் சொந்த ஃபேப்லயே பண்ணிகினு இருந்த இன்டெலுக்கு 10 நானோமீட்டரே வருஷக்கணக்கா இழுத்துடுச்சு.

நீங்க விட வேண்டியது நானோமீட்டர் ரேஸ். மோட்டார் கண்ட்ரோலுக்கு 3 நானோமீட்டர் எதுக்கு? 130 நானோமீட்டர் மாதிரி பழசுலயே நல்லா ஓடும், மாஸ்க் (டிசைனை சிப்ல பதிக்கற அச்சு) செலவும் ரொம்ப கம்மி, வோல்டேஜும் அதிகமா தாங்கும். மிச்சமாகற பணத்தை சாஃப்ட்வேர்ல போடுங்க, இதை அழுத்தி சொல்றேன். கிராஃபிக்ஸ் சிப் கம்பெனி என்விடியா, அந்த சிப்பை மத்த கணக்கு வேலைக்கும் ஓட்ட வைக்கற கூடாங்கற சாஃப்ட்வேரை 2006ல அறிவிச்சப்போ ஏஐக்கு இப்படி ஒரு மார்க்கெட்டே கிடையாது, ஆனாலும் கம்பைலர், லைப்ரரி, காலேஜ்ல சொல்லிக்குடுக்கறதுன்னு விடாம செலவு பண்ணாங்க, 2012ல படத்துல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கற அலெக்ஸ்நெட்ங்கற ஏஐயை டிரெய்ன் பண்ணது ரெண்டு என்விடியா கார்டுல. இன்னைக்கு வேற யாராவது நல்ல சிப்பே கொண்டாந்தாலும், எழுதின கோடையெல்லாம் மாத்தணுமேன்னு கஸ்டமர் தயங்கறான்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிங்கள போய் பாருங்க. சுத்தி ஈரம், உப்பு, தோலும் தண்ணியும் ரொம்பின டிரம்மை நின்ன இடத்துலேர்ந்து மோட்டார் கிளப்பணும், கரண்ட் வேற ஏறி இறங்கும். டிரிப் ஆனா பேனலை திறக்கற எலக்ட்ரீஷியனுக்கு கோளாறு இன்னதுன்னு தமிழ்லயே காட்டற டூல் ஒண்ணை சிப்போட சேர்த்து குடுங்க. பெரிய கம்பெனி இதுக்குன்னு ஆம்பூருக்கு ஆள் அனுப்பாது. முதல் கஸ்டமரை அங்க புடிங்க, டேப் அவுட் தேதியை, அதாவது டிசைனை முடிச்சு ஃபேபுக்கு அனுப்பற தேதியை, அப்புறம் வைங்க.