வாசகர் கேள்வி: ஆன்டெனாக் கோபுரத்துக்கு ஸ்டே கம்பி

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டச் சரிவில், அமெச்சூர் வானொலிக்காக 12 மீட்டர் உயர ஆன்டெனாக் கோபுரம் நிறுத்தவிருக்கிறேன். அது சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளை அருகிலுள்ள சில்வர் ஓக் மரங்களில் கட்டலாமா?

பதில்: மரத்தில் கட்டவே வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். காற்றில் மரம் அசையும்போது கம்பி ஒரு கணம் தளர்ந்து, மறுகணம் வெட்டி இழுக்கப்படும். அந்த உதறல் கோபுரத்தையே முறித்துவிடக்கூடும். ஒன்றுக்கொன்று 120 பாகை இடைவெளியில், மூன்று திசைகளில், கான்கிரீட்டில் நங்கூரம் புதையுங்கள். சமதளமானால் கோபுர உயரத்தில் 80 விழுக்காடு, அதாவது உங்களுக்கு ஏறத்தாழ 9.6 மீட்டர், தள்ளி இருப்பது நல்லது. ஆனால் சரிவின் கீழ்ப்பக்க நங்கூரம் கோபுரத்தின் அடியைவிடத் தாழ்வாக அமைந்து கம்பி செங்குத்தாகிவிடும் என்பதால், அங்கே இன்னும் விலகிப் புதைக்க வேண்டும்.

கம்பியை அதன் அறுபடும் வலுவில் 10 விழுக்காடு அளவுக்கே இறுக்கி, டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு) தானாகச் சுழன்று தளராதபடி அதனூடே வேறொரு கம்பியைக் கோத்துப் பூட்டுங்கள். மடக்கிய கம்பியைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பில், சேணம் (பள்ளமுள்ள கட்டை) பாரம் தாங்கும் கம்பியின் மீதும், யூ வடிவ போல்ட் மடக்கி விட்ட வெட்டிய முனையின் மீதும் அமர வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் கம்பி நசுங்கி வலுவிழக்கும். கோபுரம் எப்பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்கிறதா என்பதை, முதல் குழியைத் தோண்டும் முன்பே அளந்து பாருங்கள்.