குழந்தைகளுக்கான பழைய வெல்ஷ் மொழி விளையாட்டுகள் ஏன் இப்போது திறப்பதில்லை?

பெரும்பாலும் ஃப்ளாஷ்தான் காரணம், இணையப் பக்கங்களில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டிய அடோபியின் பழைய மென்பொருள் அது. எழுத்தைத் தொட்டால் ஒலி கேட்கும் மாதிரியான விளையாட்டுகளை ஒரு காலத்தில் அதில்தான் செய்தார்கள். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதைக் கைவிட்டது, 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் பிளேயரே அவற்றை ஓட்ட மறுத்துவிட்டது. ஐபேடிலோ அது ஓடியதே இல்லை, 2010-ல் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கான காரணங்களை வெளிப்படையாக எழுதியபோதே விளையாட்டு செய்தவர்கள் உலாவியிலேயே நேராக ஓடும் எச்டிஎம்எல்5-க்கு மாறியிருக்க வேண்டும்.

அப்புறம் எழுத்துச் சிக்கல். டபிள்யூவும் ஒய்யும் வெல்ஷில் உயிரெழுத்துகள், நெடிலாக ஒலிக்கும் சில சொற்களில் தலையில் ஒரு தொப்பிக்குறி வரும், எழுத்துகளைக் கணினியில் எண்களாகப் பதியும் பழைய லத்தீன்-1 குறியாக்கத்தில் அந்த வடிவங்கள் கிடையாது, அதனால் கேள்விக்குறியோ வெறும் எழுத்தோதான் தெரியும். வீட்டில் வெல்ஷ் பேசாத பிள்ளைக்கு இது பெரிய இழப்பு, திரையில் தெரிவது தப்பு என்று சொல்ல ஆள் இருக்காது. ஃப்ளாஷ் கோப்பு கையில் இருந்தால் ரஃபிள் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள், பல ஓடும்.