நீதான் இனி அம்மா (கடிதம்)

அன்புள்ள அக்கா,

என் மனைவி கடற்படையில் இருக்கிறார். போன மாதம் பஹ்ரேனில் இருக்கும் பன்னாட்டுக் கடற்படைத் தலைமையகத்துக்குப் பணிக்காகப் போயிருக்கிறார். நான்கு மாதம். சிங்கப்பூரில், ஈசூன் வீட்டில் நானும் என் அம்மாவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறோம். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 5. மகள் பிரமாதமாகச் சமாளிக்கிறாள். "அம்மா வர்ற வரைக்கும் நீதான் தம்பிக்கு அம்மா" என்று என் அம்மா சொன்னதிலிருந்து பெரிய மனுஷி ஆகிவிட்டாள். தம்பிக்குச் சாப்பாடு ஊட்டுவது, பையை எடுத்துவைப்பது எல்லாம் அவள்தான். ஒருமுறைகூட அழவில்லை. பிரச்சினை மகனிடம்தான். தினமும் தூங்கப்போகும் முன் அம்மாவிடம் வீடியோவில் பேசிவிட்டு ஒரு மணி நேரம் அழுகிறான். இந்தப் பேச்சை நிறுத்திவிடலாமா, வாரம் ஒருமுறை என்று குறைக்கலாமா? பள்ளியில் சொல்ல வேண்டுமா? அலுவலகத்தில் வேறு, பெண்டாட்டியைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு நீ சோறாக்குகிறாயா என்று கேலி. உங்கள் வீடும் கடற்படை வீடு என்று எப்போதோ எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ஆர்., ஈசூன்

அன்புள்ள தம்பி,

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். உங்கள் கடிதம் உட்காரவைத்துவிட்டது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். அலுவலகக் கேலிக்கு என்னிடம் நேரமில்லை, உங்களுக்கும் இருக்கக் கூடாது. 1967லிருந்து இந்த ஊர் ஆண்பிள்ளைகள் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவச் சேவைக்குப் போய்வருகிறார்கள், அதனாலேயே ராணுவம் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும் என்று ஒரு நினைப்பு. வருஷத்துக்கு இரண்டு வாரம் ரிசர்விஸ்ட் பயிற்சிக்குப் போய்வருகிறவருக்கு நான்கு மாதப் பிரிவைப் பற்றி என்ன தெரியும்? விடுங்கள். பள்ளிக்கூடத்தில் இன்னுமா சொல்லவில்லை? நாளைக் காலையில் முதல் வேலையாக இரண்டு பிள்ளைகளின் ஆசிரியருக்கும் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒரு மாதமாக அம்மா இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ஆசிரியர் அந்தப் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வார்?

சரி, இப்போது உங்கள் மகள்.

'பிரச்சினை மகனிடம்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது தம்பி, மறைக்க மாட்டேன். ஐந்து வயதுப் பையன் அம்மா முகத்தைப் பார்த்தான், தொட முடியவில்லை, அழுகிறான். அந்த வயதில் அதைவிட ஒழுங்கான காரியம் வேறென்ன இருக்கிறது? பத்து வயதுப் பெண் ஒரு மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, அதைப் போய்ப் பிரமாதம் என்கிறீர்களே. அவளுக்கும் அம்மா இல்லைதானே? அவளையே அம்மா ஆக்கிவைத்துவிட்டால் அவள் யார் மடியில் போய் அழுவாள்?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2009 ஏப்ரலில் ஆர்எஸ்எஸ் பெர்சிஸ்டன்ஸ் என்ற நம் கடற்படைக் கப்பல் ஏடன் வளைகுடாவுக்குப் போனது. சோமாலியக் கடற்கொள்ளையரைத் தடுக்கப் பல நாட்டுக் கப்பல்கள் அங்கே காவல் இருந்தன, அந்தக் காவலுக்குச் சிங்கப்பூர் அனுப்பிய முதல் கப்பல் அது. இரண்டு சூப்பர் பூமா ஹெலிகாப்டர், 240 பேர், மூன்று மாதம். அந்த 240 பேரில் என் கணவரும் ஒருவர். மகனுக்கு 9 வயது, தொடக்கநிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தான். கிளம்புவதற்கு முந்தின இரவு எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும்போது என் மாமியார் அவன் தலையைத் தடவி, "அப்பா வர்ற வரைக்கும் நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை, அம்மாவைப் பத்திரமாப் பாத்துக்கணும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். கணவர் தன் சாவிக்கொத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. அந்த இரவு எனக்கு யாராவது ஒருவர் துணையாக இருக்க வேண்டும்போல இருந்தது, அந்த யாரோ ஒருவருக்கு ஒன்பது வயது என்பதை நான் யோசிக்கவில்லை.

அதே ஏப்ரலில்தான் மெர்ஸ்க் அலபாமா என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலைக் கொள்ளையர்கள் பிடித்தார்கள், அதன் கேப்டனை ஒரு உயிர்காப்புப் படகில் பிணையாக வைத்திருந்தார்கள், உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. மகன் கண்ணில் படக் கூடாதென்று செய்தித்தாளை ஒளித்துவைத்தேன். அவன் புளோக் கீழே உட்கார்ந்திருக்கும் பக்கத்துவீட்டுத் தாத்தாவிடம் வாங்கிப் படித்திருக்கிறான். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டால் நான் பயந்துவிடுவேன் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

ராத்திரி இரும்புக் கேட்டைப் பூட்டுவது அவன் வேலை ஆயிற்று. பூட்டுவான், இழுத்துப் பார்ப்பான், அடுப்படிக்குப் போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பான், அப்புறம்தான் படுக்கை. நான் அதை அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், இப்போது நீங்கள் எனக்கு எழுதியிருக்கிற மாதிரியே. ஜூன் விடுமுறை வந்தது. ஊரெல்லாம் எச்1என்1 பன்றிக்காய்ச்சல் பயம். எனக்கு வந்தது சாதாரணச் சளிக்காய்ச்சல், இரண்டு நாள் படுத்தேன். அவன் தெர்மாமீட்டரை எடுத்துவந்து இரண்டு மணிக்கு ஒருமுறை என் வாயில் வைத்தான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, நேரம் போட்டு எழுதியும் வைத்திருந்தான். 37.9. 38.2. 38.1. ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும்கூட எண்கள் இருந்தன. காய்ச்சல் மயக்கத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. பள்ளி திறந்ததும் வகுப்பில் தூங்குகிறான் என்று ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார், அன்றைக்குத்தான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். காய்ச்சல் போன பிறகும் நாட்கள் போட்டிருந்தான். எனக்கு ஒன்றுமில்லாத ராத்திரிகளிலும் எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'சூடு இல்லை' என்று எழுதியிருந்தான்.

கப்பல் திரும்பியபோது சாங்கி கடற்படைத் தளத்துக்குப் போனோம். மற்றப் பிள்ளைகள் அப்பா மேல் ஓடிப் போய் விழுந்தார்கள். இவன் நடந்து போய்க் கை கொடுத்தான்.

அன்று ராத்திரி கணவர் கேட்டைப் பூட்டிவிட்டு வந்து படுத்தார். கொஞ்ச நேரத்தில் வாசலில் சத்தம். போய்ப் பார்த்தால் இவன் நின்றுகொண்டு, அப்பா பூட்டியதைத் திறந்து, மறுபடி பூட்டி, இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கணவருக்கு முதல் நாள் சிரிப்பு. நான்காம் நாள் கோபம். "நான்தான் வந்துட்டேனே, சாவியைக் கொடு" என்று அதட்டினார். கொடுத்துவிட்டான். அதற்கப்புறம் இரண்டு மாதம் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதில் என் கணவர் செய்த தப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று மாதம் கடலில் தூங்காமல் கிடந்து வந்த மனிதர், தன் வீட்டுக் கேட்டைத் தானே பூட்ட ஆசைப்பட்டார். தப்பு அந்தச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. ஒரு குழந்தைக்குப் பதவி கொடுத்தோம். பதவி என்றால் அவன் நிஜமாகவே எடுத்துக்கொள்வான், பெரியவர்கள்தான் விளையாட்டுக்குச் சொன்னோம் என்று பிறகு நினைத்துக்கொள்கிறோம். ஆள் வந்த அன்றைக்கே நன்றி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பதவியைப் பிடுங்கவும் செய்தோம்.

இது நம்மவர்களுக்குப் புதிதும் இல்லை. என் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர். இங்கே சிராங்கூன் சாலையில் கடையில் வேலை, நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊர். ஊரில் மூத்த பிள்ளை என் அப்பா. பதினொரு வயதில் மணியார்டர் வாங்கி, மளிகைக் கடன் அடைத்து, தங்கைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர். அப்பாவுக்குக் கடைசிவரை தாத்தா மேல் கோபம். விட்டுவிட்டுப் போனாரே என்ற கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவரே சொன்னார்: "போனதுல எனக்கு வருத்தமே இல்லம்மா, வந்தப்பல்லாம் எங்கிட்ட கணக்கு கேட்டார்." எத்தனை வீட்டில் எத்தனை மூத்த பிள்ளைகள் இப்படி. சங்கப் பாட்டின் முல்லைத்திணையில் போர்ப் பாசறைக்குப் போனவனுக்காகக் காத்திருக்கும் மனைவியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறோம், எல்லாரும் சேர்ந்திருக்கும் வீட்டுக்கும் அங்கே பாட்டு இருக்கிறது. தாயும் தந்தையும் படுத்திருக்க நடுவில் மகன், மான் ஜோடிக்கு நடுவில் குட்டி போல. பிள்ளையை எங்கே படுக்கவைத்தார்கள் பாருங்கள். நாங்கள் எங்கள் பிள்ளையை வாசலில் காவலுக்கு வைத்தோம்.

2018ல் அவனைத் தேசிய சேவைக்கு விட புலாவ் தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமுக்குப் போனோம். முதல் நாள் பெற்றோரையும் படகில் கூட்டிப் போய், சுற்றிக்காட்டி, அங்கேயே சாப்பாடு போடுவார்கள், உங்களுக்குத் தெரியும். சாப்பிடும்போது என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு அவன், "ஏம்மா அழறீங்க, நான் ஒன்பது வயசுலயே டியூட்டி பார்த்தவன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நீங்க லைட்டை அணைக்கிற வரைக்கும் நான் தூங்கினதே இல்ல, தெரியுமா?" என்றான். எனக்குத் தெரியாது. ஒரே கூரைக்குக் கீழே மூன்று மாதம், பெற்றவளுக்குத் தெரியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் மகளிடமிருந்து அந்த வார்த்தையை இன்றைக்கே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அவளிடமிருந்து வேலையை எல்லாம் பிடுங்கச் சொல்லவில்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள். பத்து வயதுப் பிள்ளை வீட்டு வேலை செய்யலாம், செய்ய வேண்டும். காரிடாரில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், தட்டுகளைக் கழுவச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை உங்களோடு ஈரச்சந்தைக்கு வந்து பை தூக்கட்டும். தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியதும் அந்த வேலை முடிந்துவிடும், அவள் விளையாடப் போகலாம். அம்மாவாக இருப்பது எத்தனை மணிக்கு முடியும், சொல்லுங்கள்? தம்பிக்கு ஊட்டுவது உங்கள் வேலை. பை உங்கள் வேலை. அவன் ராத்திரி அழுதால் எழுந்து போக வேண்டியது நீங்கள். இப்போது யார் எழுந்து போகிறார்கள்? நீங்கள் எழுதவில்லை, எனக்குத் தெரியும் யார் என்று.

இதை அவளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தானாகப் புரிந்துகொள்வாள் என்று விடாதீர்கள். உங்கள் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். "அம்மா பஹ்ரேன்ல இருக்காங்க, அங்க இருந்தாலும் உங்க ரெண்டு பேருக்கும் அவங்கதான் அம்மா. இங்க பாத்துக்க நான் இருக்கேன், பாட்டி இருக்காங்க. நீ அக்கா, அது போதும்." இதைச் சொன்னதும் அவள் கோபித்துக்கொள்ளலாம், நான் ஏதாவது தப்பு செய்தேனா என்று கேட்கலாம். அதனால் இந்த ஒரு மாதம் அவள் செய்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி சொல்லிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அதைத்தான் செய்யாமல் விட்டோம்.

நீங்கள் கேட்டது வீடியோ பேச்சைப் பற்றி. நிறுத்தாதீர்கள், குறைக்கவும் வேண்டாம். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். பஹ்ரேன் நமக்கு ஐந்து மணி நேரம் பின்னால். ராத்திரி எட்டரைக்கு நீங்கள் கூப்பிட்டால் அங்கே மாலை மூன்றரை, வேலைக்கு நடுவில் அவசரமாகப் பேசுவார், பிள்ளை அந்த அவசரத்தோடு படுக்கப் போகிறான். ஆறு மணிக்குக் கூப்பிடுங்கள், அங்கே மதியம் ஒரு மணி, சாப்பாட்டு நேரமாக இருக்கும். பேசி முடித்ததும் அவனைக் கீழே விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப் போங்கள், பிறகு குளியல், சாப்பாடு, கதை. அழுவான், அழட்டும், கூட உட்காருங்கள். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும், மனைவிக்கும் அப்படி என்றால் அந்த இரண்டு நாளில் நீளமாகப் பேசலாம். இன்னொன்று, அவன் பேசும்போது போனைப் பிடித்துக்கொண்டிருப்பது மகள்தானே? நீங்கள் பிடியுங்கள். அவளுக்கென்று தனியாகப் பத்து நிமிஷம், தம்பி இல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம் பேசட்டும். என்ன பேசினாய் என்று கேட்காதீர்கள். கண் சிவந்து வெளியே வந்தால் பயப்படாதீர்கள், அதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

மனைவி வந்த பிறகு ஒரு மாதம் கொஞ்சம் இழுபறியாகத்தான் இருக்கும். வீட்டில் எல்லாம் இடம் மாறியிருக்கும், சாப்பாட்டு நேரம் மாறியிருக்கும், அவரும் தன் சமையலறையில் விருந்தாளி மாதிரி நிற்பார். வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் பழையபடி மாற்ற வேண்டாம் என்று இப்போதே அவரிடம் சொல்லிவையுங்கள்.

உங்கள் அம்மாவிடம் நான் கோபித்துக்கொண்டதாகச் சொல்லாதீர்கள். அவர் அன்பாகத்தான் சொன்னார், அவர் காலத்தில் மூத்த பெண் என்றால் பாதி அம்மாதான். ஒருநாள் சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்து, அவர் தன் பத்து வயதில் யாரை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தார் என்று கேளுங்கள். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா