வெண்டிலேட்டர் வேண்டாம் என்று அப்பா எழுதிய தாள் செல்லுமா?

அப்பா எழுதிய தாளை மருத்துவர் திருப்பித் தந்துவிட்டார், துபாயில் இருக்கும் தம்பியும் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளைத்தாளில் அப்பா எழுதிக் கையெழுத்திட்டது மட்டும் போதாது. மீள வழியில்லாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் (முடிந்தவரை உறவல்லாதவர்கள்) முன்னிலையில் கையெழுத்து, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றொப்பம், அவ்வளவுதான். மாஜிஸ்திரேட்டிடம் அலைய வேண்டியதில்லை.

மருத்துவர் தாளைத் திருப்பித் தந்தது பெரும்பாலும் அந்தச் சான்றொப்பம் இல்லாததால்தான். அவரைக் கோபித்துப் பயனில்லை. நாளை வழக்கு வந்தால் கூண்டில் நிற்பவர் அவர்.

தாளை இன்னொரு முறை படியுங்கள். தன்னால் முடிவெடுக்க இயலாதபோது யார் பேச வேண்டும் என்று பெயர் எழுதியிருக்கிறாரா? எந்த நிலையில் எது வேண்டாம் என்று இருக்கிறதா, வெறுமனே "மெஷின் வேண்டாம்" என்று மொட்டையாக இருக்கிறதா? அப்பா தெளிவாகப் பேசும்போதே திருத்தி எழுதிவிடுங்கள். ஒப்புக்கொள்ளாத உங்கள் தம்பியும் துபாயிலிருந்து வீடியோ அழைப்பில் அதை அப்பாவின் வாயாலேயே கேட்கட்டும். ஐ.சி.யு. வாசல் சண்டைகளைப் பெரும்பாலும் தொடங்குபவர் கடைசியாக விமானத்தில் வந்து இறங்கியவர்தான்.

முறையாக எழுதினாலும் உடனே குழாயை எடுத்துவிட மாட்டார்கள். மீள வழியில்லை என்று இரண்டு மருத்துவக் குழுக்கள் சொல்ல வேண்டும். குணமாகக்கூடிய நிமோனியாவுக்குச் சில நாள் வெண்டிலேட்டர் வைப்பதை இந்தத் தாள் தடுக்காது. நினைவோடு இருக்கும்போது அவரே மறுத்தால் அது வேறு.