சாய்தளம் இருக்கிறது, ஏறத்தான் முடியவில்லை!

வாசகர் கேள்வி – பதில்: மாற்றுத்திறனாளிகள் உரிமை

எங்கள் நகர் நலச்சங்கத்தில் டிசம்பர் 3-ஆம் தேதி மாற்றுத்திறனாளிகள் தினம் கொண்டாடுகிறோம். கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் போட்டி, கடைசியில் வேட்டி-சேலை வழங்குதல் என்று திட்டம். வேறு ஏதாவது சேர்க்கலாமா?
– சங்கச் செயலாளர், திண்டுக்கல்

சேர்ப்பதற்கு முன் ஒன்றை எடுத்துவிடுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் நடப்பவருக்குப் பயம் மட்டும்தான் தெரியும். வெள்ளைக்கோலால் சாலையைப் படிக்கும் பழக்கம் அவருக்கு வருவதில்லை. 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பார்வையில்லாதவரை வேலைக்கு எடுக்கும் இடத்தில் உட்கார்ந்தால், அந்தப் பயத்தை வைத்துத்தான் முடிவெடுப்பார்.

அந்தப் போட்டிக்குப் பதிலாக, இரண்டு மணி நேரத்தில் ஒரு தெரு ஆய்வு நடத்துங்கள். சக்கர நாற்காலியில் வருபவர், பார்வையில்லாதவர், காது கேளாதவர், வாக்கர் பிடித்து நடக்கும் பெரியவர், வார்டு கவுன்சிலர் என்று ஐந்து பேர் போதும். ஐந்து மீட்டர் டேப் ஒன்று, போன் ஒன்று. பேருந்து நிறுத்தம், ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, மின்வாரிய அலுவலகம் என நாலே இடம். வாசல் அகலம் 90 செ.மீ. இருக்கிறதா, படி எத்தனை செ.மீ. உயரம், சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் கிடைக்கிறதா, கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று அளந்து எழுதுங்கள். உள்பக்கம் திறக்கும் கதவு என்றால் உள்ளே விழுந்தவரை வெளியே எடுக்க முடியாது. ஒவ்வொரு படத்திலும் டேப்பின் எண் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் 'அதெல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று பதில் வரும்.

முப்பது இடம் பார்த்து எண்பது பக்க அறிக்கை எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். நாலு இடத்துக்கு நாலு பக்கம் போதும். ஆய்வுக்கு வரும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஆட்டோ செலவும் அன்றைய கூலியும் கொடுங்கள். வேட்டி-சேலைக்கு ஒதுக்கிய பணம் இருக்கிறதே!

எங்கள் ஊர் ரேஷன் கடையில் சாய்தளம் கட்டிவிட்டார்கள். ஆனால் என் தம்பியின் சக்கர நாற்காலி பாதியிலேயே பின்னால் சாய்கிறது. இரண்டு பேர் தள்ளினால்தான் ஏறுகிறது. எங்கே தப்பு?
– வாசகி, விருத்தாசலம்

தப்பு நீளத்தில். விதி 1-க்கு 12. படியின் மொத்த உயரம் ஒரு செ.மீ. என்றால் சாய்தளம் 12 செ.மீ. ஓட வேண்டும். மூன்று படி, ஒவ்வொன்றும் 15 செ.மீ. என்றால் மொத்தம் 45. அதற்கு 540 செ.மீ. நீளம் வேண்டும். கடை முன்னால் ஒன்றரை மீட்டர்தான் இடம் இருக்கிறது என்று கொத்தனார் அதற்குள் முடித்திருப்பார். அது மூட்டை இறக்கும் சரிவு, ஆள் ஏறும் சரிவு இல்லை.

நேராக இடம் இல்லையென்றால் சுவரை ஒட்டி 'ட' மாதிரி மடக்கலாம். மடங்கும் இடத்தில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சமதளம் விட வேண்டும். அங்கே சரிவு இருக்கக் கூடாது. அகலம் குறைந்தது 120 செ.மீ. கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும், அதுவும் 76 செ.மீ. உயரத்தில் ஒன்று, 90 செ.மீ. உயரத்தில் ஒன்று. சக்கரம் நழுவாமல் இருக்க ஓரங்களில் 7.5 செ.மீ. மேடு கட்டச் சொல்லுங்கள்.

சரிவை நீங்களே பார்த்துவிடலாம். நேரான பலகை ஒன்றைச் சாய்தளத்தில் வைத்து, அதன் மேல் போனை வைத்து மட்டம் பார்க்கும் செயலியைத் திறங்கள். 5 டிகிரிக்குள் காட்டினால் சரி. 10-ஐத் தாண்டினால் இடித்துக் கட்டத்தான் வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் பயன்படாத சாய்தளங்கள் நிறைய. சிமென்ட் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் மழைக்கு அரித்து நாலு செ.மீ. பள்ளம் விழுந்திருக்கும். முன்சக்கரம் சிறியது, அதில் போய்ச் சிக்கும். பைக் ஏறாமல் இருக்க நடுவில் இரும்புக் குழாய் நட்டிருப்பார்கள், அது சக்கர நாற்காலியையும் நிறுத்திவிடும். 'அழகாக இருக்கட்டும்' என்று வழவழப்பான டைல்ஸ் ஒட்டியிருந்தால் மழை நாளில் யாரும் கால் வைக்க முடியாது.

பராமரிப்பும் சேர்ந்ததுதான் கட்டுமானம். சென்னை மெரினாவில் 2022 நவம்பர் இறுதியில் திறந்த மரப்பாதையை இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் பெயர்த்துவிட்டது. பழுது பார்த்துத் திரும்பத் திறந்ததால்தான் சக்கர நாற்காலிக்காரர்கள் அலைப் பக்கம் போக முடிகிறது.

'தாயுமானவர் திட்டத்தில் வீட்டுக்கே பொருள் வருதே, சாய்தளம் எதுக்கு?' என்று கேட்பார்கள். வீட்டுக்கு வருவது வசதி. கடைக்குப் போய் நாலு பேரைப் பார்ப்பது உங்கள் தம்பியின் உரிமை. ஒன்று இருப்பதால் இன்னொன்று வேண்டாம் என்று ஆகாது.

மனு கொடுக்கும்போது படத்தோடு 'மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016' என்று குறிப்பிடுங்கள். கட்டட அளவுகளை வெறும் பரிந்துரையாக வைத்திருக்க முடியாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் சொல்லிவிட்டது. திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து, மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

என் அண்ணனுக்குக் காது கேட்காது. கிராம சபைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள்.
– வாசகர், பரமக்குடி

கூட்டம் நடக்கும் நாள்கள் முன்பே தெரியும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மூன்று வாரம் முன்னதாகவே சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும் என்று ஊராட்சிக்கு எழுதுங்கள். நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. முதல் நாள் போய்க் கேட்டால் ஆள் கிடைக்காது.

அவருக்கு எந்தச் சைகை தெரியும் என்பதை முதலில் பாருங்கள். பள்ளிக்குப் போகாத பலர் வீட்டில் பழகிய சைகைகளை மட்டும் வைத்திருப்பார்கள். இந்தியச் சைகைமொழியில் வேகமாகப் போனால் அவர்களுக்குப் புரியாது. அப்படியென்றால் பெயர்ப்பாளரோடு, அவரை நன்கு அறிந்த ஒருவரும் வேண்டும். நீங்கள் மட்டும் உட்கார்ந்து பெயர்த்தால் என்ன ஆகும்? பத்து நிமிடப் பேச்சை 'ரோடு போடறாங்களாம்' என்று ஒரே சைகையில் முடித்துவிடுவீர்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

பெயர்ப்பாளர் பேசுபவருக்குப் பக்கத்தில், முகத்தில் வெளிச்சம் விழும்படி நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் கை நிழலாகத்தான் தெரியும். கூட்டம் நீண்டால் இருவர் மாறி மாறிச் செய்ய வேண்டும். அரை மணிக்கு மேல் ஒருவரால் தவறில்லாமல் பெயர்க்க முடியாது. மைக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். இது எல்லோருக்கும் நல்லதுதான், ஆனால் எந்தக் கிராம சபையிலும் சுலபத்தில் நடக்காது.

அண்ணன் கேட்டது தீர்மானமாகப் பதிவாகட்டும். 'ஆவன செய்யப்படும்' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. என்ன வேலை, எந்த இடம், எந்த நிதி, எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் வரியில் வர வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்த பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது தெரியுமா? உங்கள் அண்ணன் போன்றவர் அந்த இடத்துக்கு வந்தால், பெயர்ப்பாளர் ஏற்பாடும் கூடவே வந்தாக வேண்டும்.

மகனுக்கு அறிவுசார் குறைபாடு. 18 வயது ஆகிவிட்டது. வங்கியில் 'கார்டியன் சர்ட்டிபிகேட்' கேட்கிறார்கள். பெற்ற தாய் நான் போதாதா?
– வாசகி, ஈரோடு

சட்டப்படி போதாது. 18 வரைதான் நீங்கள் இயல்பான காப்பாளர். அதன் பிறகு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நீதிமன்றம் போகத் தேவையில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும்தான் இந்த வழி. மனநோய்க்கு இது பொருந்தாது. அதை வைத்து விண்ணப்பித்துப் பல மாதம் காத்திருந்து திரும்புபவர்கள் உண்டு.

சான்றிதழ் வாங்கியதோடு வேலை முடியவில்லை. நியமனமான ஆறு மாதத்துக்குள் மகன் பெயரில் உள்ள சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு-செலவுக் கணக்கையும் குழுவிடம் கொடுக்க வேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் இது.

அதற்கு முன் ஒரு கேள்வி. எல்லாவற்றுக்கும் காப்பாளர் வேண்டுமா? தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, எதற்கு எடுக்கிறோம் என்று புரிகிற பையன் என்றால், கூட உட்கார்ந்து விளக்கி அவனே முடிவெடுக்க விடலாம். 2016 சட்டத்தின் 14-வது பிரிவு, குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், அவரைக் கலந்துகொண்டே முடிவெடுக்கும் வரையறுத்த காப்பாளரைப் பற்றிப் பேசுகிறது. வங்கி கேட்டது என்பதற்காக வாழ்நாள் முழுக்க எல்லா முடிவையும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தனியார் பள்ளியில் ஆட்டிசம் உள்ள மகளைச் சேர்க்க மறுக்கிறார்கள். 'எங்களிடம் வசதி இல்லை' என்று வாயால்தான் சொல்கிறார்கள்.
– வாசகர், ஆவடி

வாயால் சொல்வதற்குக் காரணமே, எழுத்தில் கொடுத்தால் சிக்கிக்கொள்வோம் என்பதுதான். விண்ணப்பத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது 2016 சட்டத்தின் 16-வது பிரிவு. பதில் வராவிட்டால் அந்தச் சான்றின் நகலுடன் மாவட்டக் கல்வி அலுவலருக்கும், மாற்றுத்திறனாளிகள் மாநில ஆணையருக்கும் புகார் எழுதலாம். கோபத்தைக் குறைத்து, போன தேதி, பேசியவரின் பதவி, சொன்ன வார்த்தை என்று எழுதுங்கள்.

சேர்ந்த பிறகு மகளுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் ஆசிரியரிடம் கொடுங்கள்: சத்தம் அதிகமானால் காதைப் பொத்திக்கொள்வாள், ஐந்து நிமிடம் வெளியே இருந்தால் சரியாகிவிடும்; ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும்; நாளைய அட்டவணை மாறினால் முதல் நாளே படமாகக் காட்ட வேண்டும். 'வசதி இல்லை' என்றவர்கள் கேட்டுப் பயந்த வசதி, பெரும்பாலும் இந்த ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.