இரவு நடுக்கத்துக்குக் காரணம் கோத்தகிரிக் குளிரா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைத்து, ஐந்து மாதமாக யூரின் டியூபோடு இருக்கிறார். சிறுநீரில் என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் முதலில் ஈ.கோலை என்ற கிருமி வந்தது, இப்போது புரோட்டியஸ் என்ற வேறொன்று. கிருமி மரபணுவை மாற்றிக்கொண்டு ‘பயோஃபிலிம்’ கட்டிவிட்டால் எந்த மருந்தும் கேட்காது என்று இணையத்தில் படித்தேன். மாதாமாதம் நானே சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன். டியூபில் மாட்டிய பை வேறு ஊதா நிறமாகிவிட்டது. போன வாரம் இரண்டு இரவு குளிரில் நடுங்கினார். அதே அறையில் தூங்கும் என் மகனுக்கும் தொற்றுமா? – வாசகர், கோத்தகிரி

பதில்: குளிரில் நடுங்கினார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய வரி அதுதான்.

மலைக் குளிரின் நடுக்கம் கம்பளி போர்த்தி, சூடாக ஒரு டீ கொடுத்தால் அடங்கிவிடும். கிருமி ரத்தத்தில் கலக்கும்போது வருவது வேறு. பல் கிட்டும், கட்டிலே ஆடும், எத்தனை கம்பளி போட்டாலும் நிற்காது. அப்புறம் காய்ச்சல் ஏறி வியர்த்துக் கொட்டும். வயதானவர்களுக்குக் காய்ச்சலே தெரியாமல் போகலாம். சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், அல்லது எழுப்பினாலும் தூங்கிக்கொண்டே இருப்பார்கள். பை சில மணி நேரமாக நிறையவில்லை, டியூபின் ஓரமாக ஒழுகுகிறது, அடிவயிறு கல்லாக இருக்கிறது என்றால் டியூப் அடைத்துவிட்டது. புரோட்டியஸின் வேலையே இது. யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும்; சிறுநீர் காரத்தன்மை அடைந்து, பாஸ்பேட் உப்புகள் படிகமாக டியூபுக்குள் அப்பிக்கொள்ளும். வெளியே போக வழியில்லாத சிறுநீர் சிறுநீரகத்துக்கே திரும்பும்.

இனி நடுங்கினால் விடியட்டும், பனிமூட்டம் விலகட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோவைக்கு இறங்கலாமா என்ற யோசனையும் அப்புறம். 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்து ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு இரவு நடுங்கியவரை எப்படியும் இன்றைக்கே டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

சரி, மரபணுவுக்கு வருவோம். நீங்கள் படித்தது பாதி உண்மை. பயோஃபிலிம் என்பது கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு கட்டும் படலம், அபூர்வமான ஒன்றல்ல. ஓடைக் கல்லில் கால் வழுக்குகிறதே, அந்த வழவழப்பும் அதுதான். ஈ.கோலையின் டிஎன்ஏவில் 314 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு உண்டு. ஒரு பக்கம் திரும்பியிருந்தால் ஒட்டிக்கொள்ளும் மயிரிழைகள் முளைக்கும், மறுபக்கம் திரும்பினால் முளைக்காது. அதைத் திருப்பிப் போட ஃபிம்பி, ஃபிம்இ என்று இரண்டு புரதங்கள். புரோட்டியஸிலும் இதே மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒரே கூட்டத்தில் சில ஒட்டும், சில மிதக்கும், பிறகு மாறிக்கொள்ளும். இதில் புதிதாக எந்த மரபணுவும் முளைக்கவில்லை, உங்கள் அப்பா உடம்பில் ‘சூப்பர் கிருமி’ எதுவும் பிறக்கவும் இல்லை. ஈ.கோலை புரோட்டியஸாக மாறிவிடவும் இல்லை; ஒன்றின் இடத்துக்கு இன்னொன்று வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒட்டிக்கொண்டு படலமான பிறகு நிலைமை வேறு. உள்ளே இருப்பவை மெதுவாகத்தான் வளரும், சில உறக்கநிலைக்கே போய்விடும். வளரும் கிருமியைத் தாக்கும் மருந்து அவற்றிடம் எடுபடாது. அதனால் தொற்று வந்தால் முதலில் டியூபை மாற்ற வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்த டியூப் என்றால், புதியதைப் போட்டு அதன் வழியாக வரும் சிறுநீரைத்தான் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். பையிலிருந்து பிடித்துக் கொடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டை மறந்துவிடுங்கள்.

சிப்ரோஃபிளாக்சசின் விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு மாதம் டியூப் இருந்தாலே ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். தொந்தரவு இல்லாதவரை மருந்து தேவையில்லை, கல்ச்சரே தேவையில்லை. நீங்கள் மாதாமாதம் கொடுத்தது படலத்தை அசைக்கவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பொறுக்கி வளர்த்திருக்கிறது. இந்த வயதில் அந்த மாத்திரை தசைநாரையும் பதம் பார்க்கும், குதிகால் தசைநார் அறுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்துக் கடைக்காரரிடம் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் காட்டி மாத்திரை வாங்குவதை இதோடு நிறுத்துங்கள்.

ஊதா நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் உள்ளவர்களின் பையில் கிருமிகள் இண்டிகோ என்ற நீலத்தையும் இன்னொரு சிவப்பையும் உண்டாக்குகின்றன. பையை மாற்றுங்கள், மலச்சிக்கலைக் கவனியுங்கள். மகன் அதே அறையில் தாராளமாகத் தூங்கலாம். பையைக் காலி செய்தவர் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். குளிர் என்று அப்பா தண்ணீரைக் குறைத்திருப்பார், அதையும் பாருங்கள். இதய, சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் வெதுவெதுப்பாக அடிக்கடி கொடுங்கள்.

கடைசியாக நான் ஒன்று கேட்கிறேன். ஐந்து மாதமாக ஏன் இன்னும் டியூப்? சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மாத்திரை கொடுத்து டியூபை எடுத்துப் பார்த்தார்களா? புராஸ்டேட் அறுவை சிகிச்சை பற்றி யாராவது பேசினார்களா? காய்ச்சல் அடங்கியதும் சிறுநீரக அறுவை நிபுணரிடம் இதைக் கேளுங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்தால் எங்கே போகலாம் என்று வழி சொல்வார்கள்.